கட்டைவிரல்

மாட்டுத் தரகர் கருப்பணன் துண்டுக்கடியில் விரல் பிடித்துத்தான் விலை பேசுவார். முகத்தில் ஒன்றும் தெரியாது. "என் மாமனார் விலையை இறக்க மனசு வைத்துவிட்டால், இடதுகால் கட்டைவிரல் மண்ணைச் சுரண்டும். உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது உண்டா?" என்று மருமகன் பொழுதுபோகாமல் பேஸ்புக் குழுவொன்றில் எழுதிவைத்தான். முன்பின் தெரியாத ஆயிரம் பேர் சிரித்தார்கள். அடுத்த சந்தையில் வியாபாரி ஒருவர்கூட அவர் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து காலையே பார்த்தார்கள்.

"தரகரே, சுரண்டுதுங்களே!"

வீட்டுக்கு வந்தவர், மருமகன் போன் பிடித்திருந்த கைமேல் துண்டை வீசி, உள்ளே விரல்களை இறுக்கினார்.

"எழுதறதுக்கு எத்தன வெரலு வேணுமுங், மாப்ள?"

"வலிக்குதுங் மாமா! இப்பவே அழிச்சர்றனுங்!"

மருமகன் குனிந்து அவர் காலைப் பார்த்தான். கட்டைவிரல் அசையவே இல்லை.