இரைச்சலுக்குள் ஒரு கோடு

அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

துறைமுகத்து வயர்லெஸ் அறை. கடல் சேனல்கள் அத்தனையும் திரையில் வரிசையாக, காற்றில் ஆடும் புல்லைப் போல நடுங்கிக்கொண்டிருந்தன. ஒலிபெருக்கியில் வெறும் இரைச்சல்.

புயலுக்கு முன் போன விசைப்படகு திரும்பவில்லை. நாலு பேர். ஆபத்துக்கென்று இருக்கும் சேனலில் கூப்பிட்டுக் கூப்பிட்டு எல்லோருக்கும் தொண்டை கட்டிவிட்டது.

அவள் கருவிகளைச் சோதிக்க வந்த இன்ஜினியர். தேடச் சொல்லி அவளிடம் யாரும் கேட்கவில்லை. அவளாகவே மற்ற சேனல்களை ஒவ்வொன்றாக அளந்துகொண்டு வந்தாள்.

படகுக்காரர்கள் ஊர்க்கதை பேசும் சேனலில் புல் கொஞ்சம் உயர்ந்தது. தாழ்ந்தது. உயர்ந்தது.

"அது ஐஸ் கம்பெனி மோட்டாரும்மா," என்றார் அறைக்குப் பொறுப்பான நவநீதன். "என்னைக்கும் இப்படித்தான் இரையும்."

"அப்போ மோட்டாரை நிறுத்தச் சொல்லுங்க."

"மீன் பூரா கெட்டுப்போகும்னு சண்டைக்கு வருவான்."

"வரட்டும் சார்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். போனை எடுத்தார்.

மோட்டார் நின்றது.

திரை முழுக்க இரைச்சல் வடிந்து இறங்கியது.

அந்த ஊர்க்கதைச் சேனலில் ஒரு கோடு மட்டும் இறங்கவில்லை.

காதுக்கு எட்டாத மெல்லிய கோடு. பேச்சு இல்லை. குரல் போகாத, செத்துப்போன மைக்கின் பட்டனை யாரோ விட்டு விட்டு அமுக்கிப் பார்க்கிறார்கள்; அமுக்கும்போதெல்லாம் கோடு எழுகிறது.

படகை ஓட்டிப் போனவனின் மனைவி ஜெனோவா வாசலில் நின்றிருந்தாள். இன்ஜினியர் அவளை உள்ளே அழைத்து மைக்கைக் கையில் கொடுத்தாள்.

"நாம பேசுறது அவங்களுக்குக் கேக்கும். நீங்களே பேசுங்க."

ஜெனோவாவின் குரல் உடைந்து வந்தது. "ஏங்க, நாந்தேன். கேக்குதா? கேட்டா ரெண்டு தடவ அமுக்குங்க."

கோடு அணைந்தது.

எல்லோரும் திரையைப் பார்த்தார்கள்.

எழுந்தது. விழுந்தது. மறுபடி எழுந்தது.

நவநீதன் மேசையில் ஓங்கி அறைந்தார். வெளியே காத்திருந்த கூட்டம் "மாதாவே!" என்று கத்தியது.

இன்ஜினியர் வேலையை விடவில்லை. வயர்லெஸ் கோபுரத்து ஆன்டெனாக்கள் நான்கிலும் அந்தக் கோடு ஒரே கணத்தில் வந்து சேரவில்லை. ஒன்றில் முந்தி, ஒன்றில் பிந்தி. அந்த மயிரிழை வித்தியாசத்தில் திசை இருந்தது.

"தென்கிழக்கு!"

மீட்புப் படகின் எஞ்சின் உறுமிக் கிளம்பியது.

ஜெனோவா இன்னும் மைக்கை விடவில்லை.

"எத்தன பேரு உசுரோட இருக்கீங்க? அத்தன தடவ அமுக்குங்க."

ஒன்று.

இரண்டு. மூன்று.

பிறகு ஒன்றும் இல்லை. ஜெனோவா கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

நான்கு.

சிலுவை போட்டுக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கோடு இன்னொரு முறை எழுந்தது.

"நாலு பேருதானே போனாங்க?" என்றார் நவநீதன்.

இன்ஜினியர் நான்கு ஆன்டெனாக்களின் பதிவையும் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். பிசகில்லை.

"அஞ்சு, சார்."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருத்தி உள்ளே வந்தாள். அதே புயலில் சின்ன வள்ளத்தில் தனியாகப் போனவனின் மனைவி. வள்ளத்துப் பலகைகள் நேற்றே கரை ஒதுங்கிவிட்டன. கோயிலில் துக்கமணியும் அடித்தாயிற்று.

ஜெனோவா எழுந்து மைக்கை அவளிடம் நீட்டினாள்.