பன்னிரண்டு தேள்களும் பதினாறு கையெழுத்தும்

கையெழுத்து வாங்குவதில் கணேசமூர்த்தியை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கோட்டூர்புரத்தில் அந்தக் குடியிருப்புக்கு ஐந்து வருஷமாக அவர்தான் செக்ரட்டரி. அவர் பேனாவை நீட்டினால் மாட்டேன் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

இந்தத் தடவை விவகாரம் தேள். மூன்றாவது மாடியில் தனியாக வாடகைக்கு இருக்கும் மாளவிகா, வீட்டில் பன்னிரண்டு தேள் வைத்திருக்கிறாளாம். நாய், கிளி என்றாலாவது பரவாயில்லை. விஷயம் அவர் காதுக்கு நேற்றுத்தான் எட்டியது.

அவளைக் காலி பண்ணச் சொல்லி வீட்டுச் சொந்தக்காரருக்கு மனு எழுதினார். முதல் கையெழுத்தை மனைவி ஜானுவிடமே வாங்கினார். அவள் ஒரு வார்த்தை பேசாமல் போட்டுக் கொடுத்தாள். ஒரே சாயந்தரத்தில் பதினாறு வீட்டுக் கையெழுத்தும் வந்துவிட்டது. மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை. நேரே மாடியேறிப் போய் மணியை அடித்தார்.

மனுவைப் படித்த மாளவிகாவுக்கு முகம் சுண்டிப் போயிற்று. ஆனாலும் அவரை உள்ளே உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னாள். தேள் விஷத்திலிருந்து வலிக்கு மருந்து எடுக்க முடியுமா என்று ஆராய்ச்சி பண்ணுகிறாள். லேபில் கூரையைப் பிரித்துப் போட்டிருப்பதால் இரண்டு மாசத்துக்குத் தேள்கள் இங்கே. பெட்டிக்குப் பெட்டி பூட்டு. இப்போது தூக்கிக்கொண்டு அலைந்தால் ஒன்றும் பிழைக்காது, மூன்று வருஷ வேலை பாழ்.

"மருந்து எப்ப வரும்?" என்றார் கணேசமூர்த்தி, கறாராக.

"இருபது வருஷம் ஆகலாம் சார். வராமலும் போகலாம்."

நன்றாக இருக்கிறது கதை, வராத மருந்துக்குப் பதினாறு குடும்பம் பயந்து சாக வேண்டுமா? அதைச் சொல்ல வாயெடுத்தபோது ஜன்னலோரம் கண் போயிற்று. வரிசையாக ஹார்லிக்ஸ் பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வீட்டு நம்பர். உள்ளே உயிரோடு கரப்பான்பூச்சிகள்.

"தேளுக்குச் சாப்பாடு சார். மருந்தடிச்ச பூச்சியைத் தின்னா செத்துடும். அதான் எல்லா வீட்டு மாமிகளும் கையால பிடிச்சுத் தர்றாங்க. ஆரம்பிச்சு வெச்சதே ஜானு மாமிதான். யாருக்கோ ஒருத்தருக்கு வலி தீரட்டுமேன்னாங்க."

கணேசமூர்த்தி எண்ணிப் பார்த்தார். மனுவில் இருந்த அத்தனை வீடும் ஜன்னலிலும் இருந்தது. வாடையில் தலையை வலிக்கிறது என்று ஜானு பூச்சிமருந்து டப்பாவைப் பரணில் ஏற்றிய ரகசியமும் அப்போதுதான் விளங்கியது.

மனுவை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு இறங்கி வந்தார்.

சமையலறைத் தொட்டியடியில் ஒரு கரப்பு ஓடியது. சட்டென்று விளக்குமாற்றை எடுத்து ஓங்கினார். ஜானு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஓங்கிய கை அப்படியே இறங்கியது.

"ஜானு, மூடியில ஓட்டை போட்ட பாட்டில் ஒண்ணு எடுத்துண்டு வா. சீக்கிரம், ஓடிடப் போறது."