பணிவன்புடன் கையை ஒடிப்போம்

சனிக்கிழமை பின்னேரம் டிக்கோயா பஸ்ஸிலிருந்து இறங்கிய புது மனிதர், நேரே வீரய்யாவின் தேநீர்க்கடைக்குள் நுழைந்தார். தோல் பையிலிருந்து ஒரு கடிதக் கட்டை எடுத்து மேசையில் போட்டார்.

"கொழும்பிலிருந்து வருகிறேன். இந்தக் கடிதங்களைப் பற்றி விசாரிக்க வேண்டும்."

மூலையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த தோட்டப் பள்ளிக்கூட ஆசிரியர் கஸ்பர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். கட்டிலிருந்த நாற்பத்தொரு கடிதமும் அவர் எழுதியவை.

வீரய்யாவின் கடையில் ஒரு பெற்றரி ரேடியோ உண்டு. ஞாயிறு நாலரைக்கு 'கொழுந்துக்காரி செண்பகம்' தொடர் நாடகம் என்றால் மூன்று லயத்து வீடுகளிலும் உள்ள தொழிலாளர்கள் அங்கேதான் நிற்பார்கள். தை மாதம் பழைய எழுத்தாளர் விலகிப் புதியவர் வந்தார். வந்த முதல் வாரமே செண்பகம் நிலா வெளிச்சத்தில் பாடிக்கொண்டு கொழுந்து பறித்தாள். இரண்டாம் வாரம் ரயிலிலிருந்து விழுந்து ஞாபகத்தை இழந்தாள். மூன்றாம் வாரம் காரணமில்லாமல் இருமத் தொடங்கினாள்.

"கொழுந்து நிறுக்க நிலாவுல எந்தக் கண்டாக்குய்யா தராசத் தூக்கிக்கிட்டு நிப்பாரு?" என்று கேட்டாள் கொழுந்து பறிக்கும் அம்மாக்கண்ணு.

"அத விடுடி. இது சாகடிக்கிற இருமலு," என்றாள் காளியாயி. "எழுதுங்க மாஸ்டர். செண்பகம் செத்தா எழுதுன கைய ஒடிச்சிருவோம்னு எழுதுங்க."

லயத்தில் யார் கடிதம் போட்டாலும் கஸ்பர்தான் எழுதுவார். இந்தியாவிலுள்ள சொந்தக்காரர்களுக்கு நலம் விசாரிப்பதும் தோட்டத்துத் தொரைக்குப் பெட்டிஷன் போடுவதும் அவர் கையெழுத்தில்தான். அடியில், சொல்லி எழுதவைத்தவரின் பெருவிரல் ரேகை இருக்கும். ரேடியோவுக்கும் அப்படியே போயின. சொன்னதை மாற்றாமல், மரியாதையும் குறையாமல் எழுதினார்: 'பெருமதிப்பிற்குரிய ஐயா, செண்பகம் செத்தால் தங்கள் கையை ஒடித்துவிடுவோம் என்பதைப் பணிவன்புடன் தெரிவித்துக்கொள்கிறோம்.'

வீரய்யா மேசையைத் துடைப்பதுபோல் அருகில் வந்தார். "சி.ஐ.டி.ங்களா ஐயா?"

"அதெல்லாம் கேட்கக் கூடாது," என்றார் வந்தவர். "நாற்பத்தொரு பெயர், ஒரே கையெழுத்து. யாரோ ஒரு ஆள் நாற்பத்தொரு வேஷம் போட்டு மிரட்டுகிறான். அந்த ஆள் எனக்கு வேண்டும்."

விஷயம் தொரை காதுக்கு எட்டினால் வேலை போகும். வேலையோடு வீடும் போகும். மனைவி சிசிலிக்கு இது எட்டாம் மாதம். ஆனாலும் கஸ்பர் எழுந்து நின்றார்.

"நான்தான் ஐயா."

அதற்குள் செய்தி பரவிவிட்டது. கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் வெறுங்கூடையை இறக்காமலே கடைக்குள் நெருக்கியடித்து நுழைந்தார்கள். காளியாயி முன்னால் வந்து பெருவிரலை நீட்டினாள்.

"மாஸ்டர விடுங்க சாமி. கைய ஒடிப்பேன்னு சொன்னது நானு. மையத் தடவி ஒத்திப் பாருங்க."

"நானுந்தாங்க," என்றாள் அம்மாக்கண்ணு. "நான் காலையும் சேத்துத்தான் சொன்னேன். மாஸ்டருதான் கை போதும்னாரு."

வந்தவர் சிரிக்கவில்லை. தடித்த குறிப்புப் புத்தகம் ஒன்றைத் திறந்தார்.

"மிரட்டல் பெரிய குற்றம். ஆத்திரத்துக்கு நியாயமான காரணம் இருந்தால்தான் உங்கள் மாஸ்டர் தப்பலாம். ஒவ்வொருவராகச் சொல்லுங்கள். ஒன்றையும் மறைக்கக் கூடாது."

மாஸ்டரைக் காப்பாற்ற வேண்டுமே! எல்லாரும் கொட்டித் தீர்த்தார்கள். செண்பகம் சாகக் கூடாது. படுக்கையை விட்டு எழுந்து வந்து, களவு நிறுவை நிறுக்கும் கண்டாக்கைத் தராசும் கையுமாகப் பிடிக்க வேண்டும். அத்தனை பெண்களும் கூடையைக் கவிழ்த்துவிட்டு ரோட்டிலேயே உட்கார வேண்டும்.

"அப்பப் பாத்துத் தொரை மோட்டார் சைக்கிள்ல வருவாரு," என்றாள் காளியாயி. "ஒருத்தியும் எந்திரிக்கக் கூடாது! புருசன்மாரு கூப்பிட்டாலும் எந்திரிக்கக் கூடாது!"

"மெதுவாகச் சொல்லுங்கள்," என்றார் வந்தவர். பென்சிலை இரண்டு முறை சீவிக்கொண்டார்.

கடைசியில் கஸ்பரும், தான் மனதுக்குள் வைத்திருந்த முடிவைப் பயத்தோடு ஒப்புக்கொண்டார். ஞாபகம் திரும்பிய செண்பகம் ஊரைவிட்டுப் போகாமல், தராசுக்குப் பக்கத்திலேயே காவல் நிற்கிறாள்.

பக்கத்துக்குப் பக்கம் கஸ்பர் கையெழுத்துப் போட்டார். மற்றவர்கள் கைநாட்டு வைத்தார்கள். "உரிய இடத்தில் சேர்ப்பேன். அதுவரை யாரும் வாய் திறக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டு வந்தவர் அட்டன் பஸ்ஸைப் பிடித்தார்.

பொலிஸ் வரவில்லை. அதுதான் கஸ்பரை அதிகம் வாட்டியது. டிரங்குப் பெட்டியைக் கட்டி வைத்தார். ஒவ்வொரு மோட்டார் சத்தத்துக்கும் சிசிலி ஜன்னலை எட்டிப் பார்த்தாள்.

மூன்றாம் ஞாயிறு ரேடியோவில் செண்பகத்தின் இருமல் நின்றது. அவள் எழுந்தாள், நடந்தாள், கண்டாக்கைத் தராசோடு பிடித்தாள். கூடைகள் கவிழ்ந்தன. மோட்டார் சைக்கிள் வந்தது. ஒருத்தியும் எழவில்லை.

கடையே ஆரவாரித்தது. காளியாயி மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதாள். 

"சி.ஐ.டி. ஐயா போயி அந்த எழுத்தாளன நல்லா உலுக்கியிருக்காரு," என்றார் வீரய்யா. "தங்கமான மனுஷன். மாஸ்டர், இனிப் பெட்டிய அவுருங்க."

கஸ்பருக்கு அந்தச் சனிக்கிழமைக்குப் பின் முதல் முறையாக மூச்சு சீராக வந்தது.

நாடகம் முடிந்ததும், அமோகப் பாராட்டைப் பெற்றுவரும் புதிய எழுத்தாளர் திரு. கணேசமூர்த்தி நேயர்களிடம் இரண்டு வார்த்தை பேசுவார் என்றார் அறிவிப்பாளர்.

"இதில் ஒரு வரிகூட யாரிடமும் கேட்டு எழுதியதல்ல, அத்தனையும் என் சொந்தக் கற்பனை," என்று அளந்து அளந்து பேசத் தொடங்கினார், பக்கத்துக்குப் பக்கம் கைநாட்டு வாங்கிக்கொண்டு போன அதே விசாரணைக்காரர்.