டோக்கன் 10007

“இன்னா படிச்சிருக்க?” என்று கேட்டேன்.

“பத்தாவது ஃபெயில் சார்,” என்றான் எபினேசர். கவரைப்பேட்டையிலிருந்து வேலை கேட்டு வந்திருந்தான்.

கும்மிடிப்பூண்டியில் எங்கள் இரும்பு ஆலையில் காண்டிராக்ட் வேலைக்குப் பட்டதாரிகளை எடுக்க மாட்டார்கள். சட்டம் பேசுவார்களாம். அப்படிப்பட்டவர்களைக் கண்டுபிடித்துத் துரத்துவது சூப்பர்வைசரான என் பொறுப்பு.

டோக்கனை நீட்டினேன். 10007. பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

“இன்னாத்துக்குச் சிரிக்கிற?”

“அஞ்சு இலக்கத்துல மொத பகா எண் இதான் சார். அதாலயும் ஒண்ணாலயும் தவிர எதாலயும் வகுபடாது.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

டோக்கனைப் பிடுங்கினேன். “நீ பத்தாவது ஃபெயிலா? கெளம்பு.”

“ஊட்ல கைக்கொயந்த இருக்குது சார். மேத்ஸ் படிச்சது ஒரு தப்பா?”

“பேஜாரு பண்ணாம போய்க்கினே இரு.”

போய்விட்டான்.

என் கழுத்தில் தொங்கும் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். 7919. ஆயிரமாவது பகா எண். ஏழு வருஷத்துக்கு முன்னால், ‘பத்தாவது ஃபெயில்’ என்று சொல்லி இதை வாங்கியபோது நானும் இப்படித்தான் சிரித்தேன். ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டார்கள். பதிலும் சொன்னேன்.

நல்லவேளை, அன்றைக்கு இந்த நாற்காலியில் இருந்தவர் நிஜமாகவே பத்தாவது ஃபெயில்.