அரக்கன் கோட்டை இளவரசி

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பேராதனை வீட்டின் முன்னறையில் கேம் விளையாடிக்கொண்டிருந்த சுதேஷின் கண்கள் கலங்கியிருந்தன.

"கஜனி, பாவம் இந்த இளவரசி! ராஜ்ஜியமும் போச்சு, மந்திர சக்தியும் போச்சு. இப்ப அரக்கனோட இருட்டுக் கோட்டையில எச்சில் தட்டு கழுவுறா."

"ஐயோ பாவம்" என்றாள் மனைவி கஜனி, அவன் சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டே.

"அவ வாயைத் திறந்தாலே அரக்கன் நக்கலா சிரிக்கிறான். கையில கிடைச்சா அவனை வெட்டிருவேன்!"

"ஏன் அவ கோட்டையை விட்டுப் போகல?"

"உனக்கு என்ன தெரியும்? நாள் முழுக்க லப்டொப்புல எதையோ தட்டிக்கிட்டு இருக்கிற. கதை எழுதினவன் பெரிய ஆளு. பொம்பளை மனசை அப்படியே புரிஞ்சு வச்சிருக்கான்!"

கேமிலேயே கதாசிரியருக்கு எழுத ஓர் இடம் இருந்தது. சுதேஷ் உருகி உருகி எழுதி அனுப்பினான்.

குசினியில் தட்டு கழுவிக்கொண்டிருந்த கஜனியின் போன் ஒலித்தது. அவள் ஈரக் கையைத் துடைத்துவிட்டு, வந்திருந்த செய்தியைச் சத்தமாக வாசித்தாள்.

"மதிப்புக்குரிய ஐயா, பெண்களின் துயரத்தை உங்களைப் போல உணர்ந்தவர் யாருமில்லை..."

சுதேஷ் கதிரையிலிருந்து எழுந்து குசினி வாசலுக்கு வந்தான்.

"நீயா? இந்தக் கதையை நீயா எழுதின?"

"ரெண்டு வருசமா எழுதுறேன். நீங்கதான் என்ன வேலைன்னு கேட்டதே இல்ல."

அவன் அவள் கையிலிருந்த போனை எட்டிப் பார்த்தான்.

"அப்ப... அந்த அரக்கனை எங்க பிடிச்ச?"

"தேடியெல்லாம் போகலைங்க. நான் வீட்டில இருந்துதானே வேலை செய்றேன்."