பாறமடையில் கப்பல்

"பாறமடையில் தொண்ணூறு அடி ஆழத்தில் கப்பல்! முங்கிப் பார்க்க வாருங்கள். பயிற்சி உண்டு. முதல் பேட்சுக்கு இலவசம்."

அமரவிளை டீக்கடைச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீசைப் பொன்னுதாஸ் மூன்று தடவை வாசித்தான். கையிலிருந்த டீ ஆறிப்போனது.

கல்லுடைத்து முடித்து, பத்து வருடமாகத் தண்ணீர் நிறைந்து கிடக்கும் பாறமடை அது. கடலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அங்கே எப்படிக் கப்பல் வரும்?

"ஹர்த்தால் அன்னைக்குக் கிரேன் வச்சு எறக்கினாவ," என்றார் டீக்கடை ராஜையா. "அடியில கப்பலு கெடந்தா, அத முங்கிப் பாக்க வெளிநாட்டுல இருந்தெல்லாம் ஆளு வருமாம். நான் ரெண்டு கண்ணால கண்டதாக்கும். பதினெட்டுச் சக்கரத்து லாரி!"

"கப்பல நீங்க கண்டியளா அண்ணா?"

"தார்ப்பாய் போட்டு மூடியிருந்துதுலே."

பொன்னுதாசின் கவலை கப்பல் அல்ல. அதே தண்ணீரின் அடியில் அவனுடைய டெம்போ கிடந்தது. போன வருடம், ஊரே ஞாயிறு ஆராதனையில் இருந்த நேரம் பார்த்து அவனே தள்ளிவிட்டது. பிறகு களவு போனதென்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து, இன்சூரன்சும் வாங்கி, வீட்டுக்குக் கான்கிரீட் போட்டாயிற்று.

முங்குகிறவன் எவனாவது நம்பர் பிளேட்டைக் கண்டால் ஜெயில்தான். கப்பல் நேரே டெம்போ மேலேயே விழுந்து அதை நசுக்கியிருக்கக் கூடாதா என்று ஆசைப்பட்டான்.

அன்றே பாறமடைக்குப் போனான். கரையில் ஒரு ஷெட். பயிற்சி கொடுக்கிற பெண்ணின் பெயர் ஜிஜா.

"அடுத்த மாசம் டிவிக்காரங்க கேமராவோட வாறாங்க. அதுக்கு முன்னால நம்ம பேட்ச் எறங்கணும் அண்ணா," என்று ஒரு விண்ணப்பப் பாரத்தை நீட்டினாள்.

பெயர், வயது, ஆஸ்துமா உண்டா, சொந்தமாக வண்டி உண்டா. கடைசிக் கேள்விக்கு, 'இருந்தது, களவு போனது' என்று எழுதினான்.

"அய்யோ பாவம்," என்றாள் ஜிஜா. "அண்ணனுக்கு எடம் உண்டு."

வீட்டில் மனைவி பிரேமகுமாரிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"கொளத்துல குளிச்சாலே மூணு நாளு இருமுத ஆளு, கப்பலு பாக்கப் போறாராம்!"

"சின்ன வயசு ஆசையாக்கும்."

"பூவாறுல கடலு பாக்கக் கூப்பிட்டப்போ வெயிலுன்னு சொன்ன மனுசன்தானே நீரு?"

முதல் பேட்சில் அவனையும் சேர்த்து மொத்தம் மூன்று பேர். அம்பூரி ரப்பர் வியாபாரி பரமசிவன். பொன்னுதாசின் சபைச் செயலாளர் கனகதாஸ். மூன்று பேருக்கும் ஐம்பது தாண்டியாயிற்று. பரமசிவனின் ஜீப் கோயில் திருவிழா அன்று களவு போனது. சபையின் வேன் காணாமல் போனபோது, அது கிடைக்க வேண்டி பொன்னுதாசே முழங்காலில் நின்று ஜெபித்திருக்கிறான். நொந்தவர்களாகப் பார்த்து இடம் கொடுக்கும் நல்ல பெண் என்று ஜிஜாவை நினைத்துக்கொண்டான்.

"எலே பொன்னுதாசே, ஒனக்கு நீச்சல் தெரியுமாலே?" என்றார் கனகதாஸ்.

"மேல நீந்தத் தெரியாது. கீழ போவத் தெரியும்."

மூன்று வாரம் குழாயைக் கடித்து மூச்சுவிட்டதில் பல்லெல்லாம் வலித்தது. சிலிண்டரைச் சுமந்து முதுகு போயிற்று. கல் சுமந்த காலத்தில்கூட இப்படி வலித்ததில்லை.

நாலாவது வாரம், காலை பத்து மணிக்கு இறங்கினார்கள். பொன்னுதாஸ் ஸ்குரூ டிரைவரைக் கணுக்காலில் கட்டி ரப்பர் உடுப்புக்குள் மறைத்திருந்தான். பரமசிவனும் நொண்டி நொண்டி நடப்பதைக் கண்டு, பாவம், வாதம் என்று எண்ணினான்.

"கப்பல் நட்ட நடுவுல. எல்லாரும் எனக்கப் பின்னால வாங்க," என்றாள் ஜிஜா.

கீழே கும்மிருட்டு. குளிர். காது அடைத்தது. ஜிஜாவின் விளக்கு நடுப்பக்கம் போனதும், பொன்னுதாஸ் பிடித்து இறங்கிய கயிற்றை விட்டுவிட்டு ஓரமாகத் திரும்பினான்.

டெம்போ போட்ட இடத்திலேயே கிடந்தது. நெற்றியில் 'எபெனேசர்' என்ற பெயர் பாசிக்குள்ளும் பளிச்சென்று தெரிந்தது. பெயரைச் சுரண்டினான்; அது போகவில்லை. நம்பர் பிளேட்டைக் கழற்றி உடுப்புக்குள் நெஞ்சோடு செருகினான்.

நிமிர்ந்தால் இன்னும் இரண்டு விளக்குகள். ஒரு விளக்கில் பரமசிவன் ஒரு ஜீப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இன்னொரு விளக்கில் கனகதாஸ் சபை வேனைக் கட்டிப்பிடித்திருந்தார்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தண்ணீருக்குள் யாரும் எதுவும் கேட்க முடியாது என்பது பெரிய ஆறுதல். கனகதாஸ் மட்டும், சபை வாசலில் செய்வதுபோல ஒரு கும்பிடு போட்டார்.

தூரத்தில் மூன்று தடவை பளிச் பளிச்சென்று வெட்டியது. ஏதோ மீன் என்று பொன்னுதாஸ் நினைத்தான்.

கரையேறியபோது மூன்று பேருடைய நெஞ்சும் பலகைபோல் விறைத்திருந்தது.

"கப்பல் எப்படி அண்ணா?" என்றாள் ஜிஜா.

"அசல் கப்பலு!" என்றான் பொன்னுதாஸ்.

"நல்ல செவப்பு," என்றார் பரமசிவன்.

"வெள்ளையாக்கும்," என்றார் கனகதாஸ்.

"ஒரு பக்கம் செவப்பு, மறுபக்கம் வெள்ளை," என்று பொன்னுதாஸ் சமாதானம் செய்துவைத்தான்.

ஜிஜா எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதிக்கொண்டாள். "சாயங்காலம் வந்து சர்டிபிகேட் வாங்கிக்கிடுங்க. போட்டோவும் உண்டு."

சாயங்காலம் வெள்ளைச் சட்டை போட்டு, பிரேமகுமாரியையும் கூட்டிக்கொண்டு போனான். புதுக் கான்கிரீட் வீட்டின் முன்சுவரில் மாட்டலாம் என்று அவள் கண்ணாடிச் சட்டத்துக்கு அளவுகூடப் பார்த்து வைத்திருந்தாள். ஜிஜா நீட்டிய கவரைப் பொன்னுதாஸ் பிரித்தான்.

போட்டோவில் அவன் இருந்தான், ஸ்குரூ டிரைவர் இருந்தது, எபெனேசர் இருந்தது, அடியில் இன்சூரன்ஸ் கம்பெனி விசாரணைப் பிரிவின் முத்திரையும் இருந்தது. கப்பல் மட்டும் இல்லை, ஏனென்றால் அப்படி ஒரு கப்பலை அந்தப் பாறமடையில் யாரும் இறக்கவே இல்லை.