பாரஸ்ட்டு சார்

வளைவில் காட்டுமாடு நின்றது. அதனால் ஜீப்பும் நின்றது.

குரங்கணிக்கு மேலே அந்த இடத்தில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். பின்னால் எடுக்கவும் வழியில்லை. டிரைவர் சீனிச்சாமி ஹாரனை அமுக்கினார். மாடு தலையைத் தாழ்த்திப் புஸ்ஸென்று மூச்சுவிட்டது.

ஏலக்காய் பறிக்கப் போகிற பெண்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் அருண்பாண்டியைத் திரும்பிப் பார்த்தார்கள். பச்சைச் சட்டை, பச்சைப் பேன்ட், அகலமான பெல்ட்டு என்று வண்டியில் இருந்தது அவன் ஒருவன்தான்.

"பாரஸ்ட்டு சார், கொஞ்சம் எறங்கிப் பாருங்களேன்" என்றாள், எதிரே மகளோடு உட்கார்ந்திருந்த சுப்புத்தாய்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. அந்தச் சுகத்திலேயே பாதி இறங்கிவிட்டான். மீதியைப் பக்கத்தில் இருந்தவர்களின் முழங்கை பார்த்துக்கொண்டது.

வனவியலில் பட்டம் வாங்கியவன். அதிலும் தங்கப் பதக்கம். காட்டுமாடு எதைத் தின்னும், எங்கே படுத்து அசைபோடும் என்று பரீட்சையில் எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறான். அது எட்டடி தள்ளி நின்றால் எழுதியவன் என்ன செய்ய வேண்டும் என்று எந்தக் கேள்வித்தாளிலும் கேட்கவில்லை.

"இன்ஜினை அமத்துங்கண்ணே. ஹாரன் வேணாம்."

சொன்னது தன் குரல்தானா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது.

ஜீப்புக்கும் மாட்டுக்கும் நடுவில் போய் நின்றான். ஓடக் கூடாது என்பது பாடம். அவன் ஓடாததற்குக் காரணம் பாடமல்ல. கால் இரண்டும் அவன் பேச்சைக் கேட்கவில்லை.

மாடு அவனைப் பார்த்தது. அவன் அதன் கால்களைப் பார்த்தான். முழங்காலுக்குக் கீழே வெள்ளையாக இருந்தது. பரீட்சையில் எழுதியது சரிதான். சாகப்போகிற நேரத்தில் மார்க்கு சரிபார்க்கிற ஆள் உலகத்திலேயே தான் ஒருவனாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

புதருக்குள்ளிருந்து ஒரு கன்று வந்தது. நிதானமாக ரோட்டைக் கடந்து சரிவில் இறங்கியது. தாய் ஒருமுறை செருமிவிட்டு அதன் பின்னாலேயே போனது.

ஜீப்பு கிளம்பியதும் சுப்புத்தாய் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "குடிங்க தம்பி." பாதித் தண்ணீர் சட்டையில் போனது.

அவள் மகள் பவதாரணி பிளஸ் டூ முடித்தவள். நர்சிங்கில் சேர்க்கலாமென்று வீட்டில் பேச்சு.

"காடு, மிருகம்னு இதுக்கெல்லாம் தனிப் படிப்பு இருக்காண்ணே? படிச்சா என்ன வேலைக்குப் போகலாம்?" என்று கேட்டாள்.

அவனுக்கு உயிர் திரும்பியிருந்தது, கூடவே வாயும். வனவர், ரேஞ்சர், செயற்கைக்கோள் படத்தை வைத்துக் காட்டை அளக்கிற வேலை, புலிக் கணக்கெடுப்பு, மண் ஆராய்ச்சி, வெளிநாட்டில் மேல்படிப்பு. வளைவுக்கு இரண்டு உத்தியோகமாக வழங்கிக்கொண்டே போனான். தான் எந்த உத்தியோகத்தில் இருக்கிறோம் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவளும் அதைக் கேட்கவில்லை.

அவன் இறங்க வேண்டிய இடத்துக்கு இன்னும் இரண்டு வளைவு இருந்தது.

"இங்கயே நிறுத்துங்கண்ணே. சின்னச் சோலி இருக்கு."

அங்கே புல்லைத் தவிர வேறெதுவும் இல்லை. சுப்புத்தாய் விடவில்லை.

"எதுக்குத் தம்பி நடக்கணும்? ரிசார்ட்டு வாசல்லயே எறங்குங்க. முதுகுலதான் பெருசா ரிசார்ட்டு செக்யூரிட்டின்னு போட்டிருக்கே. நீங்க மாட்டுக்கு முன்னாடி நின்னப்பவே பவதாரணி வாசிச்சுச் சொல்லிட்டா."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவனும் சேர்ந்துகொண்டிருப்பான்.

பவதாரணி சீட்டின் நுனிக்கு நகர்ந்து வந்தாள்.

"அது கெடக்கட்டும்ண்ணே. அந்தப் படிப்புக்குக் காலேஜு எங்க இருக்குன்னு இன்னும் சொல்லவே இல்லையே?"